எக்கோவுலயே பிரஷர் தெரியுதே, அப்புறம் எதுக்குங்க கேத்?

கோபி பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாருங்க. நாலு வயசு பொண்ணு, பொறந்ததுல இருந்தே இதயத்துல ஓட்டை, பெரிய விஎஸ்டி, அதாவது ரெண்டு கீழறைக்கும் நடுவுல இருக்கற சொவத்துல ஓட்டை. இப்ப எக்கோங்கற இதய ஸ்கேன் எடுத்ததுல நுரையீரல் பிரஷர் 80 இருக்குதுன்னு வந்து, கேத், அதாவது தொடை ரத்தக்கொழாய் வழியா இதயத்துக்குள்ள மெல்லிசா கொழாய் உட்டு அளக்கற டெஸ்ட், அதை பண்ணி பாத்துட்டுத்தான் ஆபரேஷன் பத்தி சொல்லுவோம்னு டாக்டர் சொல்லிப்போட்டாராம். அவுங்க ஒறம்பரையில ஒரு அஞ்சு மாச கொழந்தைக்கு இதே ஓட்டைக்கு கேத்தெல்லாம் இல்லாம நேரா ஆபரேஷன் பண்ணிட்டாங்களாம், நம்ம பாப்பாவுக்கு மட்டும் எதுக்கு வயரு உட்டு பாக்கோணும், எக்கோவுலயே பிரஷர் தெரியுதே, பாப்பா முன்ன மாதிரி மூச்சு கூட வாங்கறதில்ல நல்லாயிருச்சுன்னு அமுச்சி, அதான் பாப்பாவோட பாட்டி, சொல்றாங்க, வெவரமா சொல்லுங்கன்னு கேட்டிருந்தாரு.

நான் டாக்டர் இல்லீங்க தம்பி. கோயமுத்தூர்ல கேத் லேப் டெக்னீஷியனா 18 வருசமா இருக்கறேன், கொழந்தைங்க கேஸ்தான் நெறைய பாத்திருக்கறேன். உங்க பாப்பாவுக்கு என்ன பண்றதுங்கறதை உங்க டாக்டர்தான் சொல்லோணும், ஆனா அந்த ரூமுக்குள்ள என்ன அளக்கறாங்க, எதுக்கு அளக்கறாங்க, வர்ற நம்பருக்கு என்ன அர்த்தம்ங்கறதை என்னால தெளிவா சொல்ல முடியும்.

மொதல்ல அமுச்சி சொன்னதுக்கு வர்றேன், ஏன்னா இதுதான் எல்லாத்துலயும் முக்கியமானது, இதுலதான் நெறைய வீட்டுல ஏமாந்து போறாங்க. கொழந்தை பொறக்கறப்ப நுரையீரல் ரத்தக்கொழாயெல்லாம் இறுக்கமாத்தான் இருக்கும். ஒன்றரை ரெண்டு மாசத்துக்குள்ள அது நல்லா தளர்ந்துரும். அப்ப ஓட்டை பெருசா இருந்துச்சுன்னா இடது பக்கத்து ரத்தம் வலது பக்கம் பாஞ்சு நுரையீரலுக்கு வெள்ளமா போகுது. அதனாலதான் கொழந்தை பால் குடிக்கறப்ப நெத்தியெல்லாம் வேர்க்கும், மூச்சு வாங்கும், எடை ஏறாது, மாசத்துக்கு ஒருக்கா சளி புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடோணும். உங்க பாப்பாவுக்கும் ஒரு வயசு வரைக்கும் இப்புடித்தான் இருந்திருக்கும். இந்த வெள்ளம் மாசக்கணக்குல வருசக்கணக்குல பாயப்பாய, அந்த சின்னச்சின்ன ரத்தக்கொழாயோட சொவரு தடிச்சுக்கிட்டே வரும், உள்ள வழி சிறுத்துரும். வழி சிறுத்தா வெள்ளம் கொறையும், வெள்ளம் கொறைஞ்சா மூச்சு வாங்கறதும் கொறையும், எடை கூட கொஞ்சம் ஏறும். வீட்டுல எல்லாரும் சாமிக்கு நேர்ந்துக்கிட்டது பலிச்சுருச்சுன்னு நெனைப்பாங்க. ஓட்டை சின்னதாகி அதுனால மூச்சு வாங்கறது நின்னா அது நெசமாவே நல்லது, சின்ன விஎஸ்டி நெறைய தானா மூடிக்கும். ஆனா ஓட்டை அதே பெருசுல இருந்து, பிரஷரும் 80 இருந்து, மூச்சு மட்டும் வாங்கலைன்னா அது நல்லதுக்கில்லாமயும் இருக்கலாம்ங்க. உங்க டாக்டர் கேத் வேணும்னு சொன்னதே இதுக்குத்தான் இருக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்குதுங்க. எங்க பெரியப்பா பேத்தி, காங்கேயம் பக்கம். சின்னதுல ஓட்டை இருக்குதுன்னு தெரியும், பாத்த எடத்துல தானா மூடிக்கும்னு சொல்லிட்டாங்க, மறுக்கா எப்ப வரோணும்னு அழுத்தி சொல்லவும் இல்ல. ரெண்டரை வயசுல மூச்சு வாங்கறது நின்னுபோச்சு, இவுங்களும் காட்டறதை உட்டுட்டாங்க. 14 வயசுல ஒரு நோம்பிக்கு சென்னிமலை படியேறப்ப, அங்க 1320 படிங்க, பாதி கூட தாண்டல, ஒதடு நீலமாகி உக்காந்துருச்சு. அப்புறம் எங்க லேப்புக்கே வந்துச்சு. மகாதமனியில எடுத்த ரத்தத்தை சிரிஞ்சுல குடுத்தப்பவே கலரு தெரிஞ்சுதுங்க, செக்கச்செவேல்னு இருக்க வேண்டிய ரத்தம் நாவப்பழ சாறு மாதிரி இருந்துச்சு. மெஷின்ல வெச்சது நான்தான், சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம் ஏறியிருக்குதுங்கற அளவு, 84 வந்துச்சு. ஆக்சிஜன் வெச்சு பாத்தும் நுரையீரல் கொழாய் தளர்ந்து வரல. ஓட்டையை மூட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப 25 வயசு, மாத்திரையில இருக்குது, திருப்பூர்ல உக்காந்த எடத்துல கணக்கு பாக்கற வேலை, நல்லாத்தான் இருக்குது. ஆனா ரெண்டு வயசுலயே ஒருக்கா சரியா அளந்து பாத்திருந்தா அந்த புள்ளை வாழ்க்கையே வேற மாதிரி போயிருக்கும்ங்கறது எனக்கு இன்னைக்கும் ஆறல.

சரி, எக்கோவுலயே பிரஷர் தெரியுதேங்கற கேள்விக்கு வர்றேன். தோட்டத்துல சொட்டுநீர் போட்டிருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. மோட்டார்கிட்ட இருக்கற கேஜ்ல பிரஷர் ஏறி நிக்குது. அது ரெண்டு காரணத்துல இருக்கலாம். ஒண்ணு, பெரிய மோட்டாரு, தண்ணி அவ்வளவு வேகமா தள்ளுது, கொழாயெல்லாம் சுத்தமாத்தான் இருக்குது. இன்னொண்ணு, தண்ணி கம்மியாத்தான் போகுது ஆனா உப்புத்தண்ணியில கொழாய்க்குள்ள உப்பு படிஞ்சு அடைச்சுக்கிச்சு, அதனால பிரஷர். கேஜை மட்டும் பாத்தா ரெண்டுக்கும் ஒரே முள்ளுதான் காட்டும். கடைசி வாய்க்கால் வரைக்கும் நடந்து போய் எவ்வளவு தண்ணி வந்து உழுகுதுன்னு அளந்தாத்தான் வித்தியாசம் தெரியும். எக்கோங்கறது கேஜ் மாதிரிங்க. ரத்தம் ஓட்டை வழியா எவ்வளவு வேகமா பாயுதுங்கறதை வெச்சு பிரஷரை நல்லாவே கணக்கு போட்டுரும். ஆனா நுரையீரலுக்கு நிமிசத்துக்கு எத்தன லிட்டர் போகுது, அந்த கொழாய் எவ்வளவு எதுத்து நிக்குதுங்கறதை முடிவெடுக்கற அளவுக்கு நம்பிக்கையா சொல்லாது. அந்த எதிர்ப்புக்குத்தான் பிவிஆர்னு பேரு, அளக்கற அலகு உட் யூனிட், இங்கிலாந்துல இருந்த பால் உட்ங்கற டாக்டர் பேருல வந்தது. இந்த மாதிரி ஓட்டையில நுரையீரல் கொழாய் கெட்டு ரத்தம் திரும்பி பாயற நெலமைக்கு ஐசன்மெங்கர் சிண்ட்ரோம்னு சொல்லி 1958-ல தெளிவா எழுதி வெச்சவரும் அவருதான். 1897-லயே விக்டர் ஐசன்மெங்கர்ங்கற டாக்டர் 32 வயசு ஆளு ஒருத்தருக்கு இப்புடி இருந்ததை எழுதியிருந்ததால அவரு பேரை வெச்சாங்க.

கணக்கு ரொம்ப கஷ்டமில்லீங்க. நுரையீரல் தமனியோட சராசரி பிரஷர்ல இருந்து இடது மேலறை பிரஷரை கழிச்சு, நுரையீரலுக்கு போற ரத்த அளவுல வகுத்தா பிவிஆர். கொழந்தைங்களுக்கு ஒடம்பு அளவுக்கு சரிக்கட்டி சொல்லுவாங்க. ரத்த அளவை எப்புடி கண்டுபுடிக்கறதுன்னா, 1870-ல அடால்ஃப் ஃபிக்னு ஒருத்தரு சொன்ன யோசனை, பால் சொசைட்டி கணக்கு மாதிரி இருக்கும். மொத்தம் 150 லிட்டர் பாலை கொண்டுபோய் சேக்கோணும், ஒரு நடைக்கு 13 லிட்டர்தான் எடுத்துட்டு போகுதுன்னா எத்தன நடைன்னு வகுத்துரலாமில்ல, அதேதான். ஒடம்பு நிமிசத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்குது, ஒவ்வொரு லிட்டர் ரத்தமும் நுரையீரலுக்குள்ள போயிட்டு வர்றப்ப எவ்வளவு ஆக்சிஜனை ஏத்திக்கிட்டு வருது, ரெண்டும் தெரிஞ்சா எத்தன லிட்டர்னு தெரிஞ்சுரும்.

ஒரு உதாரணம் போட்டு காட்டறேன், கணக்குக்காக நானே எழுதினது. ரெண்டு கொழந்தைங்க, ரெண்டு பேருக்கும் நுரையீரல் தமனியில பிரஷர் 82-க்கு 42, சராசரி 55, இடது மேலறையில 10, அப்ப வித்தியாசம் ரெண்டு பேருக்கும் 45. ஹீமோகுளோபின் 12, ஆக்சிஜன் எடுக்கறது சதுர மீட்டருக்கு 150 மில்லின்னு ஒண்ணாவே வெச்சுக்கலாம். மொத கொழந்தைக்கு நுரையீரலுக்கு போற ரத்தத்துல சாச்சுரேஷன் 90, திரும்பி வர்றதுல 98. எட்டுதான் வித்தியாசம், அப்ப ஒரு லிட்டர் ஏத்தறது 13 மில்லி, 150-ஐ 13-ல வகுத்தா ஏறக்கொறைய 11.5 லிட்டர். 45-ஐ 11.5-ல வகுத்தா 3.9 யூனிட். ரெண்டாவது கொழந்தைக்கு போறதுல 75, வர்றதுல 97, வித்தியாசம் 22, லிட்டருக்கு 36 மில்லி, அப்ப 4.2 லிட்டர்தான் போகுது. 45-ஐ 4.2-ல வகுத்தா 10.7. பாத்தீங்களா, எக்கோவுல ரெண்டு பேருக்கும் ஒரே பிரஷர்தான் வரும். ஆனா மொத கொழந்தைக்கு நாளைக்கே ஆபரேஷன் தேதி குடுத்துருவாங்க, ரெண்டாவது கொழந்தைக்கு அப்புடியே கத்தி வெச்சா உசுருக்கே ஆபத்து.

ஏன் ஆபத்துன்னா, நுரையீரல் கொழாய் கெட்டுப்போன பொறவு அந்த ஓட்டைதான் வலது பக்கத்துக்கு ஒரே வடிகால். நம்மூரு கொளத்துக்கு கலிங்கு இருக்குமில்லைங்க, தண்ணி மீறுனா அந்த வழியா போயிரும், கரை நிக்கும். கலிங்கை அடைச்சா கரை ஒடையும். ஓட்டையை அடைச்சா வலது கீழறை எதுத்து தள்ள முடியாம ஓஞ்சுரும். ஓட்டை இருந்தா நீலமா இருந்தாலும் பல வருசம் வாழ்வாங்க, மூடினா வாழ்நாள் கொறையுதுங்கறது நல்லா தெரிஞ்ச விசயம்.

லேப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பயப்படறீங்க, சொல்றேன். நம்ம ஊருல இதயத்துக்குள்ள எது பண்ணாலும் ஆஞ்சியோன்னுதான் சொல்லுவாங்க, ஆனா பெரியவங்களுக்கு அடைப்பு பாக்கற ஆஞ்சியோ வேற, இது வேற. இதுல முக்கியமான வேலை பிரஷர் எடுக்கறதும் ரத்தம் எடுக்கறதும்தான், கலர் மருந்து ஓட்டையை படம் புடிக்க கொஞ்சமா உடுவாங்க. கொழந்தைக்கு மயக்க டாக்டர் தூங்க மருந்து குடுப்பாரு. தொடை இடுக்குல மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய்க்குள்ள ஷீத்னு ஒரு சின்ன கொழாய் வெப்பாங்க. கொழந்தைங்களுக்கு வெக்கற கதீட்டரெல்லாம் ஒண்ணரை ரெண்டு மில்லிமீட்டர் கனம்தான், தையல் எல்லாம் கெடையாது. இதயத்துக்குள்ள வயரான்னு பயந்துக்க வேண்டாம், 1929-ல வெர்னர் ஃபோர்ஸ்மன்னு ஜெர்மனியில ஒரு எளவயசு டாக்டர் தன்னோட கை நரம்பு வழியா தானே கொழாயை உட்டுக்கிட்டு எக்ஸ்ரே ரூமுக்கு நடந்து போய் படம் எடுத்துக்கிட்டாரு, 1956-ல நோபல் பரிசு கெடைச்சுது. அன்னைல இருந்து எத்தனையோ கைப்பட்டு தேறி வந்த வேலைங்க இது.

டாக்டர் கதீட்டரை ஒவ்வொரு எடமா கொண்டு போவாரு. மேல்பெருஞ்சிரை, கீழ்பெருஞ்சிரை, வலது மேலறை, கீழறை, நுரையீரல் தமனி, அப்புறம் மகாதமனி. ஒவ்வொரு எடத்துலயும் பிரஷர் கோடு ஸ்கிரீன்ல ஓடும், ஒவ்வொரு எடத்துலயும் சொட்டு ரத்தம் எடுத்து சிரிஞ்சுல பேரு ஒட்டி என்கிட்ட நீட்டுவாங்க. வலது மேலறை வரைக்கும் 68, 70-னு வந்துட்டு இருக்கும், கீழறைக்கு போனதும் 85-க்கு தாவும், ஓட்டை வழியா நல்ல ரத்தம் அங்கதான் வந்து கலக்குதுன்னு அர்த்தம். கதீட்டர் நுனியில பலூன் ஊதி நுரையீரல் கிளைக்குள்ள கொஞ்ச நேரம் அடைச்சு புடிச்சா அந்தப்பக்கம் இடது மேலறை பிரஷர் தெரியும், அந்த மாதிரி பலூன் கதீட்டரை ஸ்வான், கான்ஸ்னு ரெண்டு டாக்டருங்க 1970-ல கொண்டு வந்தாங்க. இடது பக்கத்து வால்வுல கோளாறு இருந்து அதனால பிரஷர் ஏறியிருந்தாலும் இதுல தெரிஞ்சுரும், அப்புடி இருந்தா வைத்தியமே வேற.

இதுல கவனம் எங்க வேணும்னா சின்ன வேலையிலதாங்க. பிரஷர் அளக்கற டிரான்ஸ்டியூசரை கொழந்தை நெஞ்சோட நடு ஒசரத்துக்கு வெச்சு ஜீரோ பண்ணோணும். 10 சென்டிமீட்டர் கீழ எறங்கி இருந்தா போதும், பிரஷர் 7-க்கு மேல கூட காட்டும், மேசையை ஒசத்துனா மறுக்கா பாக்கோணும். சிரிஞ்சுக்குள்ள ஒரு சின்ன காத்துக்குமிழி இருந்தா சாச்சுரேஷன் மாறிரும். மேல சொன்ன மொத கொழந்தைக்கு 90-க்கு பதிலா 88-னு தப்பா வந்துதுன்னு வெச்சுக்கோங்க, ரெண்டே ரெண்டு, 3.9 வர வேண்டியது 4.9 ஆயிரும். சந்தேகம்னா டாக்டர் மறுக்கா எடுப்பாரு, நானும் கேட்டு வாங்குவேன், அதுல வெக்கமே படறதில்ல. கொழந்தை ஒரே நெலமையில இருக்கறப்பவே எல்லா எடத்து ரத்தத்தையும் சில நிமிசத்துக்குள்ள எடுத்துரோணும், பாதி எடுத்துட்டு இருக்கறப்ப முழிச்சு அழுதா அந்த கணக்கு செல்லாது, மொதல்ல இருந்து எடுக்கோணும். மூச்சு கம்மியாகி கரியமில வாயு ஏறுச்சுன்னா நுரையீரல் கொழாய் சுருங்கி பிவிஆர் பொய்யா ஏறி காட்டும், மயக்க டாக்டர் அதிகமா காத்து தள்ளுனா பொய்யா எறங்கி காட்டும். அதனாலதான் ஆரம்பிக்கறதுக்கு முன்ன ரத்த வாயு ஒருக்கா பாப்பாங்க. இன்னொண்ணும் சொல்லோணும், ஆக்சிஜன் எடுக்கற அளவை நெறைய எடத்துல நேரா அளக்கறதில்ல, வயசு, நாடித்துடிப்பு வெச்சு அட்டவணையில இருந்து எடுத்துக்கறாங்க, அதுலயே கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன வரும். அதனால வந்த நம்பரை ஒரு புள்ளி விடாம கல்வெட்டு மாதிரி நெனைச்சுக்க வேண்டாம்.

அடுத்தது ஆக்சிஜன் டெஸ்ட். இதுதான் உங்க பாப்பா மாதிரி நடுவுல நிக்கற கொழந்தைங்களுக்கு உசுரான பகுதி. சாதா காத்துல ஒருக்கா எல்லாம் அளந்துட்டு, முழு ஆக்சிஜன் 10 நிமிசம் போல குடுத்து மறுக்கா எல்லாம் அளப்பாங்க. சில எடத்துல நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் சேத்து குடுப்பாங்க, இது சிரிப்பு வாயு இல்லீங்க, அது நைட்ரஸ். கொழாய் வெறும் இறுக்கத்துல இருந்தா இதுல தளர்ந்துரும், 7-ல இருந்த பிவிஆர் 3-க்கு எறங்கும். சொவரே தடிச்சு இறுகிப்போயிருந்தா அசையாது. உப்பு படிஞ்ச கொழாயை ஆசிட் உட்டு பாக்கற மாதிரிதான், கரைஞ்சா கொழாய் பொழைக்கும். ஆனா இங்க ஒரு குழி இருக்குதுங்க. முழு ஆக்சிஜன் குடுக்கறப்ப ஹீமோகுளோபின்ல ஒட்டாம ரத்தத்துலயே கரைஞ்சு போற ஆக்சிஜன் நெறைய இருக்கும், லிட்டருக்கு 15 மில்லி வரைக்கும் போகும். மேல பாத்தோமில்ல, மொத்த வித்தியாசமே 13 மில்லிதான். இந்த கரைஞ்ச ஆக்சிஜனை சேக்காம வெறும் சாச்சுரேஷனை வெச்சு கணக்கு போட்டா ரத்தம் ரொம்ப போற மாதிரியும் பிவிஆர் நல்லா எறங்கிட்ட மாதிரியும் பொய்யா வரும், மூடக்கூடாத ஓட்டையை மூடற மாதிரி ஆயிரும். அதனால ரிப்போர்ட்டை வாங்கறப்ப, ஆக்சிஜன்ல எடுத்த கணக்குல கரைஞ்ச ஆக்சிஜனை சேத்தீங்களான்னு தைரியமா கேளுங்க. நல்ல டாக்டர் யாரும் இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க.

முடிவு எப்புடி சொல்லுவாங்கன்னா, கொழந்தைங்களுக்கு பொதுவா 4 யூனிட்டுக்கு கீழ இருந்தா மூடிரலாம். 8-க்கு மேல இருந்து ஆக்சிஜன்லயும் எறங்கலைன்னா மூடறதில்ல. 4-க்கும் 8-க்கும் நடுவுலதான் டாக்டருங்க ஒக்காந்து பேசற எடம், அங்க நம்பரோட கூட கொழந்தையோட வயசு, நடக்க ஓட உட்டு பாத்தா சாச்சுரேஷன் எறங்குதா, எக்ஸ்ரேயில இதயம் பெருசா இருக்குதா, டவுன் சிண்ட்ரோம்ங்கற பொறவிக் கோளாறு இருக்குதா எல்லாம் பாப்பாங்க. இதயம் பெருசா, நுரையீரல்ல ரத்தம் நெறைஞ்சு தெரிஞ்சா அது நல்ல செய்திங்க, இன்னும் வெள்ளம் போயிட்டுத்தான் இருக்குதுன்னு அர்த்தம். நடுவுல இருக்கறவங்களுக்கு சில எடத்துல சில்டெனாஃபில், போசென்டான் மாதிரி மாத்திரை சில மாசம் குடுத்துட்டு மறுக்கா கேத் பண்ணி பாக்கறதும் உண்டு, ஓட்டையை மூடறப்ப சின்னதா ஒரு வழி உட்டு மூடறதும் உண்டு. மாத்திரை குடுத்தா எல்லாரையும் ஆபரேஷனுக்கு கொண்டு வந்துரலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அது கொஞ்ச பேருக்குத்தான் ஒத்து வருது, அந்த கொஞ்ச பேருலயும் வருசக்கணக்குல பாத்துட்டே இருக்கோணும்.

மூட முடியாதுன்னு சொன்னா அத்தோட எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு இல்லீங்க, இதையும் நான் மனசார சொல்றேன். ஐசன்மெங்கர் ஆனவங்க 40, 50 வயசு தாண்டி இருக்கறவங்க உண்டு. இரும்புச்சத்து கொறையாம பாத்துக்கோணும், தண்ணி வத்த உடக்கூடாது, கையில ஊசி லைன் போட்டா காத்துக்குமிழி போகாம பில்டர் வெக்க சொல்லோணும், பொம்பளப் புள்ளைங்களுக்கு கர்ப்பம் ரொம்ப ஆபத்துங்கறதை கல்யாணப் பேச்சுக்கு முன்னாடியே வீட்டுல தெளிவா பேசிக்கோணும். ஊட்டி மாதிரி 2,200 மீட்டருக்கு மேல இருக்கற எடத்துக்கு போகோணும்னா டாக்டரை கேட்டுட்டு போங்க.

ஒறம்பரை கொழந்தைக்கு ஏன் கேத் இல்லைன்னா, அஞ்சு மாசத்துல பெரிய விஎஸ்டிக்கு மூச்சு வாங்கிட்டு எடை ஏறாம இருந்தா நுரையீரல் கொழாய் இன்னும் கெட்டிருக்காதுன்னு தைரியமா சொல்லலாம், அப்ப கேத் பண்ணி நாளை கடத்தறதை உட நேரா ஆபரேஷன் பண்றதுதான் சரி. அவுங்க டாக்டர் பண்ணதும் சரி, உங்க டாக்டர் சொல்றதும் சரி, நடுவுல இருக்கறது மூணரை வருசம். டவுன் சிண்ட்ரோம் கொழந்தைங்களுக்கு இந்த கேடு இன்னும் வெரசா வந்துரும், அவுங்களுக்கு தள்ளிப்போடவே கூடாது. மேலறையில இருக்கற ஓட்டை, அதான் ஏஎஸ்டி, அது வேற சங்கதி, அங்க பிரஷர் மெதுவாத்தான் ஏறும், 30 வயசுல பிரசவத்தப்ப தெரிய வர்றவங்க நெறைய. மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் சேக்கற பிடிஏங்கற கொழாய் மூடாம தொறந்திருந்தா கேத்லயே பலூன் வெச்சு தற்காலிகமா அடைச்சு பிரஷர் எறங்குதான்னு பாத்துட்டு, எறங்குனா அங்கயே டிவைஸ் வெச்சு மூடியும் உட்டுருவாங்க. பிடிஏ கொழந்தைக்கு வலது கைவெரல்ல மட்டும் ஆக்சிஜன் பாத்தா பத்தாது, கால் வெரல்லயும் பாக்க சொல்லுங்க, ரத்தம் திரும்பி பாய ஆரம்பிச்சிருந்தா கை செவப்பா இருந்து கால் நீலமா இருக்கும்.

ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். நுரையீரல் பிரஷர் அதிகமா இருக்கற கொழந்தைக்கு மயக்கத்துல பிரஷர் திடீர்னு எகிறி நாடி எறங்கறது உண்டு, அதுக்குத்தான் மயக்க டாக்டர் தலைமாட்டுலயே நிப்பாரு, ஆக்சிஜனும் மருந்தும் கையில தயாரா இருக்கும். குத்துன எடத்துல ரத்தம் கட்டறது, சின்ன கொழந்தைங்களுக்கு கால் தமனியில ரத்தம் உறையறது, துடிப்பு கொஞ்சம் தடுமாறறது இதெல்லாம் வரலாம், பெரும்பாலும் அங்கயே சரி பண்ணிருவாங்க. கொழந்தைங்க இதய நோய்க்குன்னே டாக்டரும் மயக்க டாக்டரும் இருக்கற எடத்துல பண்ணுங்க, அதுல மட்டும் சமாதானம் ஆகாதீங்க.

காசு பத்தி கவலைப்பட்டு தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு கார்டு இருந்தா ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்ட்டர்லயே ரிப்போர்ட்டை காட்டி முன்கூட்டியே அனுமதி வாங்கித் தருவாங்க. கார்டு இல்லைன்னா ரேஷன் கார்டு, விஏஓகிட்ட வருமான சான்று வாங்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்கு போங்க. அங்கன்வாடிக்கும் ஸ்கூலுக்கும் வந்து பாக்கற ஆர்பிஎஸ்கே டீம் மூலமா மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதி வாங்குனாலும் வழி கெடைக்கும், அந்த திட்டம் 2013-ல இருந்து இருக்குது.

போற நாளுக்கு முன்ன சளி, காச்சல், இருமல் இருந்தா ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி சொல்லிப்போடுங்க, தேதி தள்ளி வெச்சுக்கலாம், சளியோட பண்ணா பிரஷர் ஏறித்தான் காட்டும், ஆபத்தும் கூட. சோறு, பாலெல்லாம் எத்தன மணிக்கு நிறுத்தோணும்னு சொல்றாங்களோ அதை அப்புடியே கேளுங்க, பொதுவா கெட்டி ஆகாரம் 6 மணி நேரத்துக்கு முன்ன நிறுத்திரோணும், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்ன வரைக்கும் குடுக்கலாம். பாவம் பசிக்குதுன்னு அமுச்சி ஒரு பிஸ்கட்டை குடுத்துட்டா மயக்கத்துல வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போயிரும், இதை அவுங்ககிட்ட முன்னாடியே பதமா சொல்லி வெச்சிருங்க. பழைய எக்கோ, எக்ஸ்ரே, ஒரு வயசுக்கு முன்ன எடுத்தது இருந்தா அதையும் கொண்டு போங்க, அன்னைக்கு பிரஷர் எவ்வளவு இருந்துச்சுங்கறது இன்னைக்கு கணக்குக்கு ஒதவும்.

முடிஞ்சதும் பாப்பா 4-ல இருந்து 6 மணி நேரம் காலை மடக்காம படுத்திருக்கோணும், அதுதான் நாலு வயசுக்கு பெரிய தண்டனை. புடிச்ச பொம்மை, போன்ல கதை ஏதாச்சும் எடுத்துட்டு போங்க. குத்துன கால் பாதம் சில்லுனு ஆகுதா, கலரு மாறுதா, கட்டுல ரத்தம் ஊறுதான்னு நீங்களும் சித்த நேரத்துக்கு ஒருக்கா தொட்டு பாருங்க, எதாச்சும் தெரிஞ்சா உடனே நர்ஸை கூப்புடுங்க. பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்கு அனுப்பிருவாங்க. கெளம்பறப்ப டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க, எல்லா எடத்து பிரஷரும் சாச்சுரேஷனும் எழுதுன முழு கேத் ரிப்போர்ட்டும், படம் இருக்கற சிடியும் கேட்டு வாங்குங்க. வேற எடத்துல இன்னொரு டாக்டர்கிட்ட கேக்கோணும்னாலும் அந்த தாளு இருந்தாத்தான் மறுக்கா கேத் பண்ணாம சொல்லுவாங்க. அங்கன்வாடிக்கு ரெண்டு மூணு நாள்ல அனுப்பலாம், ஊஞ்சல், சைக்கிள் மட்டும் ஒரு வாரம் வேண்டாம்.